அம்மா போட்டுக்கொண்ட ஜெர்கின்

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி ஒரு போட்டோ போட்டாள். அவள் பையன் எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கிய பழைய லெதர் ஜெர்கின். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற வகை, நெஞ்சில் குறுக்கே ஜிப் வைத்தது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மெட்ராஸ் வெயிலுக்கு இது எதற்குடி, உள்ளே வைத்து இட்லி அவிக்கவா என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

எதற்கு என்று நான் சொல்கிறேன். நமக்கெல்லாம் ஐம்பது நெருங்கிவிட்டது. முட்டிவலி, சர்க்கரை, மாதவிலக்கு நின்றது எல்லாவற்றையும் கூசாமல் பேசுகிறோம். இதையும் பேசலாம். தொண்ணூறுகள் என்றால் நீங்கள் கேபிள் டிவி, வாடகை வீடியோ, ஐஸ் வண்டி என்று உருகுகிறீர்கள். எனக்கு அந்தக் காலம் என்றால் அடிதான் ஞாபகம் வரும். அப்புறம் அந்த ஜெர்கின்.

நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார மாமி. மேலே அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஒரே உறவு மாமா, அம்மாவின் தம்பி. மருந்து கம்பெனியில் விற்பனை வேலை. அடையாற்றில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தான். என்னோடு சேர்ந்து மொட்டை மாடியில் பட்டம் விட்டவன் என்பதால் மாமாவை அவன் இவன் என்றுதான் சொல்லுவேன். அப்பாவுக்கு இன்றைக்கும் 'அடித்தார்' என்று மரியாதை போட்டுத்தான் எழுத வருகிறது. கை அப்படிப் பழகிவிட்டது.

அந்த ஜெர்கின் மாமாவுக்கு ராயப்பேட்டையில் கிடைத்தது. அவன் வண்டியைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு ஆங்கிலோ இந்தியக் கிழவர் வருவாராம். வாலிபத்தில் சோழவரத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். மகள் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டாள். வீட்டைக் காலி செய்து கிளம்பும்போது, தன் ஜெர்கினை இத்தனை நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தவன் இவன் ஒருவன்தான் என்று மாமாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். எந்த வருஷத்துச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. கழுத்துப் பட்டையில் இருந்த கம்பெனி முத்திரை தேய்ந்து வெறும் நூல் நின்றது. குதிரைத் தோல் என்பான் மாமா. எருமை சார் அது என்பார் மெக்கானிக்.

எதுவானால் என்ன, அந்த மாதிரி ஒரு பொருளை நான் அப்புறம் பார்க்கவில்லை. கையில் வாங்கினால் தோள் இறங்கும், அவ்வளவு கனம். கருப்பு நிறம், முழங்கையிலும் பை வாயிலும் மட்டும் தேய்ந்து டீ நிறம். பித்தளை ஜிப், ஒவ்வொரு பல்லும் அரிசி அளவு. இழுத்தால் கர்ரென்று ஒரே மூச்சில் கழுத்துவரை ஏறும், நடுவில் எங்கேயும் சிக்காது. தையல் எல்லாம் இரட்டை நூல். தோளில் தோலை மடித்து இரண்டாகப் போட்டிருந்தார்கள். உள்ளே சிவப்புக் கட்டம் போட்ட துணி, வெளுத்துப்போய் மெத்தென்று இருக்கும். காலையில் தொட்டால் குளிர்ச்சி. மோந்தால் பெட்ரோல், மழை, யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் தலை எண்ணெய், மாமாவின் வேர்வை. அதைப் போட்டுக்கொண்டு மாமா திரும்பினால் க்ரீச் க்ரீச்சென்று பேசும். எனக்குப் போட்டுவிட்டால் கை முழங்காலுக்குத் தொங்கும். கழற்றவே மாட்டேன்.

ஒரு தடவை அடையாறு பாலத்துக்குக் கிட்டே மணலில் வண்டி வழுக்கி, ரோட்டில் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறான். பேன்ட் கிழிந்து முட்டியில் சதை போயிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினான். முழங்கைப் பக்கம் ஜெர்கினில் வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

"பாத்தியா அக்கா? இது மட்டும் இல்லேன்னா எலும்பு தெரிஞ்சிருக்கும்" என்றான்.

அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள். எனக்கு அப்போது அது வித்தியாசமாகப் படவில்லை.

எங்கள் வீட்டில் தோல் உள்ளே வரக்கூடாது. அப்பாவின் சட்டம். செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டித் தோல் பையோ பர்ஸோ வந்தால் வீட்டைக் கழுவ வேண்டும். மாமா ஜெர்கினை வாசல்கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். கீழ்வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டு, "ரௌடி மாதிரின்னா வரான் உன் தம்பி? உங்காத்து மாமா எப்பேர்ப்பட்ட தங்கமான மனுஷர், அவருக்கு இப்படி ஒரு மச்சினன்" என்பாள். உங்காத்து மாமா என்று அவள் சொன்னது அப்பாவை. சந்தியாவந்தனம் தப்பாதவர். கோயில் உற்சவத்தில் முன்னால் நிற்பவர். தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர்.

அந்தத் தங்கமான மனுஷரின் பெல்ட் உள் அறையில் அலமாரிக் கதவில் தொங்கும். நல்ல மாட்டுத் தோல். அது மட்டும் எப்படி உள்ளே வரலாம் என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது.

எதற்கு அடிப்பார் என்று கேட்காதீர்கள். காரணம் இருந்தால் தப்பித்துக்கொண்டிருப்போமே. காப்பி ஆறிவிட்டது. காலண்டரில் தேதி கிழிக்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் ஏதோ சொல்ல அம்மா சிரித்தாள். ஆபீசில் யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள், அது இங்கே வந்து இறங்கும். பெல்ட்டைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார், பக்கிள் வெளியே தொங்கும்படி. சுளீர் என்று விழுந்ததும் அம்மா கத்த மாட்டாள். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள், கீழே கேட்கக்கூடாது என்று. நான் குறுக்கே போனால் எனக்கும் விழும். தொடையில் விழுந்த வரி ஆறி, நிறம் மாறி, மஞ்சளாகிப் போவதற்குள் அடுத்தது விழுந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நான் ஏன் கோகோ விளையாட வருவதில்லை என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பாவாடையைத் தூக்கிச் செருக முடியாது. அதான்.

மே மாதம் ஒருநாள் மாமா வந்திருந்தபோது அம்மா குனிந்து காப்பி வைத்தாள். தலைப்பு நழுவிவிட்டது. மேல்கையில் பக்கிளின் அச்சு, நாலு மூலையும் தெரிய, கருநீலமாக.

"என்னக்கா இது?"

"அடுப்பு மேடை இடிச்சுடுத்து."

"அடுப்பு மேடைக்குப் பக்கிள் இருக்கா?"

அம்மா தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அப்போது பார்த்து அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தார். மாமா எழுந்து நின்றான். அப்பாவைவிட ஒரு தலை உயரம் அவன்.

"அத்திம்பேர்... அக்கா கையில காயம்..."

"ஆமாம். அதுக்கென்ன இப்போ?"

"இல்லே, பாத்து..."

"என்னத்தைடா பாக்கணும்? என் ஆத்துல நான் என்ன பண்றேன்னு உன்கிட்ட வந்து சொல்லிட்டுப் பண்ணணுமா? எருமைத் தோலைப் போத்திண்டு ஊரைச் சுத்தற பயலுக்குப் பேச்சைப் பாரு. கிளம்பு. இனிமே இந்தப் படி ஏறினே, உங்கக்காவையும் உன் பின்னாலேயே அனுப்பிச்சுடுவேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டான். அந்த நிமிஷம் அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: சரி, அனுப்புங்கோ என்று. சொல்லவில்லை. அக்கா வாழாவெட்டியாக வந்துவிடுவாளே, ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தான். அவன் கெட்டவன் இல்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் மண்டையில் ஏறியிருந்த முட்டாள்தனம்தான் அவனுக்கும் ஏறியிருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாசலுக்கு வந்தவன் ஆணியிலிருந்து ஜெர்கினை எடுத்தான். போட்டுக்கொள்ளப் போனவன் நிறுத்தினான். திரும்ப அதை ஆணியிலேயே மாட்டினான். படியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

"இது இங்கேயே இருக்கட்டும்க்கா. அடி படாது."

இறங்கிப் போய்விட்டான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் ஜெர்கினை வைத்துவிட்டுப் போனான்.

அம்மா முதல் தடவை அதைப் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் மின்சாரம் போய், மாவு அரைபடாமல் கிடந்தது. டிபன் இல்லை. சந்து முனையில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். ஆணியிலிருந்து எடுத்து, புடவைக்கு மேலே போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். நெற்றியில் குங்குமம், மூக்கில் வைர மூக்குத்தி, தலையில் ஒரு முழம் கதம்பம், அதற்குக் கீழே பந்தயக்காரனின் ஜெர்கின். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் உதடு துடித்தது.

"சிரிக்காதே. உள்ளே போ" என்றாள்.

அப்பா படியேறி வந்து பார்த்தார். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காதுமடல் சிவந்தது.

"என்னடீ வேஷம் இது?"

"டிபன் ஆகலை. கரண்ட் இல்லை" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

பெல்ட் வந்தது. ஆனால் சுளீர் இல்லை. தொப். தலையணையைத் தட்டுகிற மாதிரி. இன்னொன்று, தொப். பக்கிள் பட்டு எகிறி அவர் கைக்கே திரும்பி வந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் கதவிடுக்கில் பார்த்தேன். அவள் தலைப்பை வாயில் திணித்துக்கொள்ளவில்லை. வாய் சும்மா மூடியிருந்தது. அப்பா அடித்து அடித்து மூச்சு வாங்கி நின்றுவிட்டார். வேர்வையில் அவர் விபூதி கரைந்து கண்ணில் இறங்கியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். குழந்தைதானே. அவர் பெல்ட்டைக் கீழே போட்டார். அம்மாவின் பின்னலைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினார். தலைக்கு ஜெர்கின் கிடையாது.

ஆனாலும் அம்மா அதை விடவில்லை. தலையைக் கையால் மறைத்துக்கொண்டால் மிச்சத்தை ஜெர்கின் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள். அதற்கப்புறம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போட்டுக்கொள்வாள். அக்கினி நட்சத்திரம். அடுப்புப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு அப்பளம் பொரிப்பாள். வேர்வை ஜெர்கினின் கை வழியே ஒழுகி மணிக்கட்டில் சொட்டும். கழற்றினால் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நான் விசிறுவேன். அந்த வாசனை, தோலும் அம்மாவின் மஞ்சளும் பொரித்த எண்ணெயும் கலந்தது, இப்போதும் ஏதாவது செருப்புக் கடையைத் தாண்டும்போது மூக்கில் ஏறும். நின்றுவிடுவேன்.

அப்பா ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று யோசித்திருக்கிறேன். எறிந்தால் சந்தில் விழும். யாராவது எடுத்து, இது ஏன் விழுந்தது என்று கேட்பார்கள். தங்கமான மனுஷருக்கு அது ஆகாது.

ஒருநாள் கீரைக்காரம்மா மாடிவரை ஏறி வந்துவிட்டாள். அம்மா அவசரத்தில் ஜெர்கினோடு கதவைத் திறந்தாள்.

"இன்னாம்மா, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கத்துக்கினு கீறியா?"

"குளிர்றது" என்றாள் அம்மா.

"கத்திரி வெயில்ல குளிருதா?" கீரைக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு அம்மாவின் நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள். ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "குளிருதுன்னா போட்டுக்க தாயி. கயட்டாத" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்தச் சந்தில் எங்களை நேராகப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

ஜூன் பிறக்கும்போது நங்கநல்லூரில் அப்பாவின் பெரியப்பா பிள்ளை செத்துப்போனார். பங்காளி. எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. உங்களில் சிலருக்கு இது தெரியும். தீட்டு நாளில் உடுத்தியது, தொட்டது எல்லாவற்றையும் கடைசி நாள் தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். பாய், தலையணை உறை, திரை, ஒன்று விடாமல். அம்மா விடியற்காலையிலிருந்து எல்லாவற்றையும் மொட்டை மாடியில் முக்கி முக்கி எடுத்தாள். அப்பா நங்கநல்லூருக்குப் போய்க் காரியம் முடித்துவிட்டு, ஏதோ சாமான் வாங்க வந்த சாஸ்திரிகளோடு வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் ஆணியைப் பார்த்தார்.

"தீட்டுல இவ இதைப் போட்டுண்டிருந்தா. இதுக்கு என்ன விதி?" என்று கேட்டார்.

சாஸ்திரிகள் ஜெர்கினைப் பார்த்தார். அவர் ஆயுளில் அப்படி ஒரு கேள்வி வந்திருக்காது.

"பட்டுக்குத் தோஷம் இல்லை. மான் தோலுக்கும் இல்லை. இது என்ன தோல்?"

"எருமையோ குதிரையோ."

"குதிரையா..." அவர் தாடையைச் சொறிந்தார். "எதுக்கும் நனைச்சுடுங்கோளேன். நனைச்சா தப்பில்லை."

"பச்சைத் தண்ணியிலயா?"

"அது உங்க சௌகரியம்."

அந்த வார்த்தைக்குத்தான் அப்பா காத்திருந்தார். சாஸ்திரிகள் போனதும் ஜெர்கினை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அங்கே செங்கல் அடுப்பில் பெரிய வெந்நீர் அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா, "வேண்டாம்னா, அது என் தம்பியோடது" என்று ஓடினாள். அவர் அவளை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு ஜெர்கினை அப்படியே அண்டாவில் போட்டார். விறகுக் கட்டையால் அழுத்திப் பிடித்தார். தண்ணீர் பழுப்பாகி, அப்புறம் கருத்தது. ஒரு நாற்றம் வந்தது, மயிர் பொசுங்குகிற மாதிரி. அது தண்ணீருக்குள் சுருங்குவதை நான் பார்த்தேன். கைகள் இரண்டும் மெல்ல மடங்கின. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி.

எடுத்து வெயிலில் தரையில் விரித்தார். "தீட்டுப் போச்சு" என்றார்.

காய்ந்து எடுத்தபோது அது பழைய ஜெர்கின் இல்லை. பாதியாகிவிட்டிருந்தது. துணி சுருங்கவில்லை, தோல் மட்டும் சுருங்கியதால் சிவப்புக் கட்டத் துணி பிதுங்கிக் குடல் மாதிரி வெளியே தொங்கியது. மடக்க வரவில்லை. தட்டினால் பலகைச் சத்தம். தரையில் வைத்தால் தானாக நின்றது. அம்மா கையை விட்டுப் பார்த்தாள். முழங்கையைத் தாண்டவில்லை.

"இப்பப் போட்டுக்கோயேன்" என்றார் அப்பா. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் கொஞ்சம்.

அன்றைக்கே பெல்ட்டை எடுத்தார். சேர்த்து வைத்திருந்த அடி எல்லாம் விழுந்தது. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அம்மா இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். கஞ்சி நான்தான் போட்டேன்.

அதற்கடுத்த நாள் அப்பா லீவு. அம்மா எழுந்து சமையல் செய்தாள். ரசத்தில் உப்பு இல்லை. மறந்திருப்பாள். அப்பா தட்டைத் தூக்கி அடித்தார். ரசம் அம்மாவின் முகத்தில் பட்டது. பெல்ட் எடுக்க அவருக்குப் பொறுமை இல்லை. எழுந்து முஷ்டியால் வாயில் குத்தினார். அம்மா சமையலறை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு பிளந்து ரத்தம் புடவையில் சொட்டியது. அவர் காலைத் தூக்கி உதைத்தார். இடுப்பில் உதைத்தார். திரும்ப உதைத்தார்.

நான் வாசலுக்கு ஓடினேன். ஜெர்கின் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கவுனுக்கு மேலே அதில் கையை நுழைத்தேன். தோல் விளிம்பு கத்தி மாதிரிக் கழுத்தை அறுத்தது. நுழைந்துவிட்டது. எனக்காகவே தைத்த மாதிரி இருந்தது. ஜிப்பை இழுத்தேன், நெஞ்சுவரை வந்து நின்றது. குனிய முடியவில்லை. நிமிர்ந்தபடியே ஓடிப்போய் அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"தள்ளுடீ."

"மாட்டேன்."

"தள்ளுன்னா தள்ளு, சனியனே."

"மாட்டேன் போ. போடா!"

அப்பாவை நான் 'டா' போட்டது அதுதான் முதலும் கடைசியும். அவர் முஷ்டியை ஓங்கினார். அம்மாவைக் குத்துகிற அதே பலத்தோடு இறக்கினார். நான் தோளைத் தூக்கினேன். தோல் இரண்டாக மடிந்திருந்த இடத்தில் விழுந்தது.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். நான் என் எலும்பு என்றுதான் நினைத்தேன். சுவரில் போய் மோதினேன். ஆனால் கத்தியது அவர். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே கொட்டிக்கிடந்த ரசத்திலேயே உட்கார்ந்தார். சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அப்புறம் அவர், "ஜலம் கொண்டா" என்றார்.

அம்மா எழுந்தாள். ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த வாயோடு போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். கொடுக்கப் போகிறாள் என்று எனக்கு அழுகையே வந்தது. அவள் அவர் எதிரில் நின்று, வாயைக் கொப்பளித்து சமையலறை அங்கணத்தில் துப்பினாள். மிச்சத்தைக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"வா" என்றாள் என்னிடம்.

"எங்கடீ போறே? என்னை டாக்டர்கிட்ட யார் கூட்டிண்டு போவா?"

"கீழாத்து மாமியைக் கூப்பிடுங்கோ. அவாளுக்குத்தான் உங்களை ரொம்பப் பிடிக்கும்."

கீழே இறங்கியதும் ஜெர்கினைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. வேர்வையில் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜிப் அடியில் நெளிந்து இறுகியிருந்தது. அம்மா இழுத்தாள், நான் அலறினேன். கை இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்க, மாட வீதியில் ஜனம் எல்லாம் நின்று பார்க்க, உதடு கிழிந்த அம்மா ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். எனக்கு உட்காரக்கூட முடியவில்லை. பாதி நின்றபடியே ராயப்பேட்டை போனோம். பகலில் மாமாவின் ரூம் பூட்டியிருக்கும். அதை விட்டால் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இடம் அவனுடைய மெக்கானிக் ஷெட்தான்.

மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னாக்கா, பொண்ண டின்னுல போட்டு மூடி எத்தாந்துகீற?"

அப்புறம்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏய், வெளிய வா" என்று ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துத் தன் சம்சாரத்தைக் கூப்பிட்டார். எதிர் டீக்கடைக்குப் போய் மாமாவின் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். தகரம் வெட்டுகிற கத்திரியை எடுத்தார்.

"ஆடாத பாப்பா. ஆடுனா உன்னியும் சேத்து வெட்டிடுவேன்."

முதுகுப் பக்கம் கீழேயிருந்து வெட்ட ஆரம்பித்தார். கத்திரி நாலு விரல் போவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"இன்னா பண்ணீங்கோ இத்த? இரும்பாட்டம் கீது."

"வெந்நீர்ல போட்டார்" என்றாள் அம்மா.

"வெந்நியிலயா? இன்னா, கொளம்பு வெச்சாரா?"

அம்மா சிரித்தாள். பிளந்த உதட்டில் ரத்தம் திரும்ப வந்தது. துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆடாதன்னு சொன்னேன்ல என்று மெக்கானிக் அதட்டினார்.

முதுகைப் பிளந்து, இரண்டு கைகளையும் பிளந்து, ஓடு உரிக்கிற மாதிரி என்னை வெளியே எடுத்தார்கள். கவுனும் சேர்ந்து கிழிந்துவிட்டது. உள்ளே உடம்பு முழுக்கச் சிவந்து கிடந்தது. தோளில் அப்பாவின் குத்து விழுந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு, அவ்வளவுதான். மெக்கானிக்கின் சம்சாரம் ஒரு துண்டை என்மேல் போர்த்தி உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள். வாசல் வழியே ஷெட் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் வண்டி வந்தது. ஸ்டாண்டுகூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தான். தரையில் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்தான். ஒரு துண்டை எடுத்துத் திருப்பினான்.

"ஐயோ. இதை ஏன் வெட்டினேள்? இப்படி ஒரு தோல் இனிமே ஜன்மத்துல கிடைக்காதே!"

"சார்" என்றார் மெக்கானிக்.

அம்மா இருட்டு மூலையிலிருந்து எழுந்து வெளிச்சத்துக்கு வந்தாள். மாமா நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அம்மா அவனை அறைந்தாள். கன்னத்தில், முழுக் கையால். அம்மாவின் கை இன்னொருவர்மேல் விழுந்து நான் பார்த்தது அதுதான். மாமா கையிலிருந்த தோல் துண்டு கீழே விழுந்து பலகை மாதிரிச் சத்தம் போட்டது. அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே நின்றான். கண்ணில் தண்ணீர் இறங்கியது.

"நான் இனிமே அங்க போகமாட்டேன். நானும் இவளும் உன் ரூம்லதான் இருக்கப்போறோம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு" என்றாள் அம்மா.

"இருக்கலாம்க்கா."

"ஊர் பேசும்."

"பேசட்டும்க்கா."

அம்மா முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குழந்தைக்குப் போட்டுக்க ஒண்ணும் இல்லை" என்றாள். "தி. நகர் போ. ஒரு கவுன் வாங்கிண்டு வா. பருத்தியில வாங்கு. மெல்லிசா இருக்கட்டும்."